தையலுக்கு விட்டது

ஊசியம்மாவின் சக்களத்தி, வீட்டின் பின்பக்கச் சுவரோரம், கிழிந்த தார்ப்பாய் ஒன்றுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தாள். நான்கு சக்கரங்களும் காற்றிறங்கி மண்ணுக்குள் பாதி போயிருந்தன. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்கத் தரை இல்லை. கீழே முளைத்திருந்த புல் நேராக ஸ்டியரிங் வரைக்கும் வளர்ந்திருந்தது.

சக்களத்தி என்றால் வேறு யாருமில்லை, ஒரு பழைய ஜீப்தான். ஊசியம்மாவின் கணவர் மலைப்பக்கம் மின்கம்பி இழுக்கும் வேலையில் இருந்தவர். இலாகா கழித்துப் போட்ட அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்த நாளிலிருந்து மனிதர் வேறு ஆளாகிவிட்டார். விடுமுறை வந்தால் போதும், வாளியும் துணியுமாகப் பின்பக்கம் போய்விடுவார். சக்கரத்தின் உட்பக்கம் வரை பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். எனக்கு ஒரு நாளாவது இப்படி முதுகு தேய்த்துவிட்டதுண்டா என்று ஊசியம்மா கேட்பாள். உனக்குத்தான் துருப்பிடிக்காதே என்பார் அவர். அப்போது வைத்த பெயர்தான் சக்களத்தி.

ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் ஊசியம்மா ஒரு தார்ப்பாயை இழுத்து ஜீப்பின் தலையோடு மூடினாள். அதை விற்க மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. கிடந்து போகட்டும் என்று விட்டுவிட்டு முன்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மகனை வளர்த்ததும், சட்டை பேன்ட் தைத்துத் தைத்துத் தெரு முழுவதற்கும் உடுத்திவிட்டதும் அந்த மெஷின்தான். தெருவில் அவளுக்கு ஊசியம்மா என்று பெயர் வந்தது தொழிலை வைத்து மட்டும் இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் அந்தப் பெயரின் மற்றப் பாதியை விளக்குவார்கள்.

மகன் கப்பலில் சமையல்காரன். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடும் ரகம். அவன் போய் ஒரு வெல்டரைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. கையில் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு, பேச்சு ரொம்பக் கம்மி. கல்யாணம் முடிந்த சூட்டோடு அவனுக்குக் கப்பல் வந்துவிட்டது. அம்மா, பார்த்துக்கோ என்று இவளிடம் சொன்னான். அம்மாவைப் பார்த்துக்கோ என்று அவளிடம் சொன்னான். இரண்டு பேரையும் ஒருவர் தலையில் ஒருவரைக் கட்டிவிட்டு அவன் கடலுக்குப் போய்விட்டான்.

வீட்டில் இரண்டு பெண்கள். ஒருவருக்கொருவர் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் தொல்லையே. சாப்பிட்டீங்களா அத்தை, சாப்பிட்டேன்மா, நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன் அத்தை. இதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஊசியம்மாவுக்குச் சண்டை போட ஆள் கிடைத்தால்கூடப் பொழுது போகும். இந்தப் பெண்ணோ எதற்கும் சரி அத்தை என்று தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடக்கிறாளே என்று ஊசியம்மாவுக்கு உறுத்தும். தானும் தன் பங்குக்கு ஓட்டல்காரி மாதிரி பரிமாறிக்கொண்டிருப்பது ஊசியம்மாவுக்குத் தெரியாது.

புதிதாக ஒருத்தி வந்திருக்கும் வீட்டில் பின்பக்கம் இப்படிக் குப்பையாகக் கிடக்கலாமா என்று ஒரு நாள் அவளுக்கு வேகம் வந்தது. பழைய இரும்பு எடுப்பவரை வரச் சொன்னாள். அவர் வந்து தார்ப்பாயை உருவி, காலால் ஒரு உதை விட்டார். உதைத்த இடத்தில் ஷூ உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அவர் காலை விடுவித்துக்கொண்டிருக்கும் போதுதான் வேலை முடிந்து மருமகள் வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. மண்டியிட்டு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, சாவிக்கொத்தால் எதையோ தட்டித் தட்டிக் கேட்டாள். வெளியே வந்தபோது தலையெல்லாம் துருத்தூள், முகத்தில் ஊசியம்மா அதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"அத்தை, எலும்பு நல்லா இருக்கு. மேல் சதைதான் போயிருக்கு. இதை எனக்குக் குடுத்துடுறீங்களா?"

அந்தப் பெண் அந்த வீட்டில் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. புடவையோ நகையோ கேட்டிருந்தால் ஊசியம்மா யோசித்திருப்பாள். சக்களத்தியைக் கேட்டால் என்ன சொல்வது? எடுத்துக்கோ, ஆனா என்னைக் கூப்பிடாதே என்றாள். பழைய இரும்புக்காரர் வெறுங்கையோடு நொண்டிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து பின்பக்கம் பட்டறையாகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் மருமகள் ஒரு பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். கிரைண்டர் அலறும், பொறி பறக்கும். சமையலறை ஜன்னலில் ஊசியம்மா நின்று, பாத்திரம் கழுவும் சாக்கில் ஒரே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பாள். இருக்கைகள் கழன்று வந்தன, கதவுகள் கழன்று வந்தன, தரையில் மிச்சமிருந்த தகடு கையால் பிய்த்தாலே வந்தது. தெருமுனை மெக்கானிக் வந்து எஞ்ஜினைக் கழற்றி எடுத்துப் போனார். போகிற போக்கில், இது துருப்பிடித்த வண்டி இல்லை, வண்டி வடிவத்தில் இருக்கும் துரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசியம்மா அந்த ஜன்னலைத் தாண்டி வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு கத்தரிக்கோல். துரு தின்ற இடங்களுக்குப் புதுத் தகடு வெட்ட வேண்டும். அதற்கு முதலில் அட்டையில் அளவு எடுக்க வேண்டும். மருமகள் அவசரத்தில் முன்னறைக்கு வந்து, மெஷின் மேல் இருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் போய் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும். தையல்காரர் வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஊசியம்மாவின் கணவரே ஒரு முறை அந்தக் கத்தரியால் காலண்டர் தாளை வெட்டிவிட்டு நாள் முழுவதும் ஜீப்புக்குள் ஒளிந்திருந்திருக்கிறார்.

ஊசியம்மா பின்பக்கம் வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. கத்தரியைப் பிடுங்கி, முனையை விரலில் வைத்துப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். அத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. பொருளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, கேட்டு எடுக்க வாயில்லையா, இதென்ன இரும்புக் கம்பியா. மருமகள் சரி அத்தை சொல்லவில்லை. அன்று அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "கேக்கலாம்தான். நீங்க என்கிட்ட பேசினாத்தானே நானும் கேக்க முடியும்?" என்றாள். சொல்லிவிட்டு, நெற்றியில் ஏற்றியிருந்த வெல்டிங் கண்ணாடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

ஊசியம்மா குனிந்தாள். கீழே கிடந்த அட்டையைப் பார்த்தாள். கோணல் மாணலாக, எலி கடித்தது போல வெட்டியிருந்தது. மனம் கேட்கவில்லை. உள்ளே போய் மழுங்கிப்போன பழைய கத்தரி ஒன்றையும், துணியில் கோடு போடும் சாக்கட்டியையும், அளவு நாடாவையும் கொண்டு வந்தாள். நகரு, வெட்டத் தெரியாதவ எல்லாம் வெட்டக் கூடாது என்றாள். அதுதான் சமாதானம். இரண்டு பேரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ஊசியம்மா வெட்டிக் கொடுத்த அட்டைகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. சக்கரத்தின் மேல் வளைவுக்கு ஒன்று, கால் வைக்கும் இடத்துக்கு ஒன்று, கியர் கம்பி வரும் ஓட்டையோடு நடுத்தரைக்கு ஒன்று. தோள்பட்டை வளைவும் கழுத்து வளைவும் வெட்டிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஒவ்வொன்றின் மேலும் இடம், வலம், முன், பின் என்று சாக்கட்டியால் எழுதி வைத்தாள். மருமகள் அத்தனையையும் பட்டறைக்கு எடுத்துப் போய், அட்டையை வைத்துக் கோடு போட்டுத் தகட்டை வெட்டி, வளைத்து, ஒரு வண்டி நிறையக் கொண்டு வந்து இறக்கினாள்.

முதல் தகட்டை வைத்தார்கள், உட்காரவில்லை. இரண்டாவதும் உட்காரவில்லை. மருமகள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். எல்லாத் தகடும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு கூடுதலாக இருந்தது. நாடாவை வைத்துப் பார்த்தால், சொல்லி வைத்தாற்போல அரை அங்குலம்.

"அத்தை, இது என்ன அரை அங்குலம்?"

"அது தையலுக்கு விட்டது."

சொன்ன பிறகுதான் ஊசியம்மாவுக்கே காதில் விழுந்தது. துணியில் இரண்டு துண்டையும் மடித்துச் சேர்த்துத் தைக்க ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டாமல் எவளாவது வெட்டுவாளா? கை அதுபாட்டுக்கு விட்டிருக்கிறது. இரும்பில் மடிப்பு ஏது? விளிம்போடு விளிம்பு முட்டி நிற்க வேண்டும், நடுவில் நெருப்பு ஓட வேண்டும். அவ்வளவு தகடும் சுற்றிலும் அறுத்து எடுத்தால்தான் உட்காரும்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. வயதான காலத்தில் இது தேவையா, ஜன்னலோடு நின்றிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். மருமகள் தகட்டைக் கையில் பிடித்தபடி, ஜீப்புக்கும் தையல் போடுவீங்களா அத்தை என்றாள். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஊசியம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. சக்களத்தி குண்டாவாளே, பிரிச்சு விட இடம் வேணாமா என்று எடுத்துக் கொடுத்தாள். இருவரும் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார்கள். அந்த வீட்டில் கணவர் போன பிறகு அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

ஓரம் அறுத்து எடுக்கவே பல மாலைகள் போயின. அறுத்ததில் நீளநீளமாக விழுந்த பட்டைகளை மருமகள் தூக்கிப் போடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். எதுக்கு என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள்.

பிறகு வேலை ஓடியது. ஒரே இழுப்பில் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். அதனால் மருமகள் அங்கொரு பொட்டு, இங்கொரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போவாள். இதைத்தானே நாங்க ஓட்டுத் தையல்னு சொல்றோம் என்று ஊசியம்மா கண்டுபிடித்தாள். ஊசியம்மாவின் விரலில் எப்போதும் இருக்கும் அந்தச் சின்ன இரும்புத் தொப்பி, ஊசி குத்தாமல் இருக்கப் போடுவது, அதற்கும் வேலை கிடைத்தது. அதால் தகட்டைத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று சொல்லும். துருப்பிடித்த இடம் டொக்கென்று ஊமையாகச் சொல்லும். தட்டிப் பார்த்து டொக் சொன்ன இடத்தில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். மருமகள் அந்தக் குறியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பாள். ஒரு நாள் வேலைக்கு நடுவில், ஏம்மா இதைப் போய்க் கேட்டே என்று ஊசியம்மா கேட்டாள். இந்த வீட்டில் தனக்குத் தெரிந்த பாஷை பேசியது இந்த ஜீப் ஒன்றுதான் என்று மருமகள் சொன்னாள். ஊசியம்மாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவளும் அந்தப் பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள் என்பது ஓர் ஆறுதல்.

தரை முழுவதும் போட்டு முடித்து, துரு வராமல் இருக்கச் சிவப்புப் பூச்சும் அடித்த வாரம் அது. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மருமகள் ஒரு செய்தி சொன்னாள். பட்டறைக்காரர்கள் தொலைவில் வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே இவளை மேற்பார்வைக்குப் போடப் பார்க்கிறார்கள். தங்க வீடும் அவர்களே தருகிறார்கள். இவர் வந்ததும்தான் முடிவு பண்ணணும் அத்தை என்று மெதுவாகச் சொன்னாள்.

போகத்தான் வேணும், நல்ல வேலையை யாராவது விடுவாங்களா என்று ஊசியம்மா மூச்சு விடாமல் சொன்னாள். எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தாள். அன்று ஒரே சட்டையில் இரண்டு ஊசி ஒடிந்தது.

பிள்ளை கப்பலுக்குப் போனபோது இப்படி இல்லை. அவன் போவான், வருவான். இவள் போனால் மாலை என்ற ஒன்றே இருக்காது. கிரைண்டர் சத்தம் இல்லாத வீட்டில் அந்தப் பழைய சாப்பிட்டீங்களாவைக் கேட்கக்கூட ஆள் இருக்காது. போகாதே என்று சொல்லலாம். சொல்ல மாட்டாள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று கணவர் போன அன்றே முடிவு செய்தவளுக்கு, கேட்டு வாங்க நாக்கு புரளாது. தெருவையே வாயால் ஆட்டி வைப்பவளுக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

வாய்க்கு வராதது விரல் வழியாக வெளியே வந்தது. மெக்கானிக் எஞ்ஜினைக் கொண்டு வந்து பொருத்திவிட்டார், கதவுகள் ஏறிவிட்டன, பச்சை பெயிண்ட் ஒரு பூச்சு முடிந்துவிட்டது. மகன் கரைக்கு வரும் தேதியும் தெரிந்துவிட்டது. அப்போது பார்த்து ஊசியம்மாவுக்குப் புதிது புதிதாகத் துரு கிடைக்கத் தொடங்கியது. விரல் தொப்பியால் தட்டி, இங்க சத்தம் சரியில்லை என்பாள். மருமகள் அதைச் சுரண்டிப் பார்த்துச் சரி செய்வாள். அடுத்த நாள் இன்னொரு இடத்தில் பெருக்கல் குறி இருக்கும். மெக்கானிக் வந்து, முடிந்த வண்டியில் இன்னும் என்ன நோண்டுகிறீர்கள் என்று கேட்டு இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு மாலை பின் சக்கரத்துக்கு மேலே, கணீரென்று கோயில் மணி மாதிரி சொன்ன ஓர் இடத்தில் ஊசியம்மா குறி போட்டாள். மருமகள் கிரைண்டரை வைத்தாள். புதுப் பச்சையும் சிவப்பும் பறந்து போய், அடியில் தகடு வெள்ளி போலப் பளபளவென்று வந்தது. ஒரு புள்ளி துரு இல்லை. ஊசியம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் கிரைண்டரை நிறுத்தினாள். அந்தப் பளபளப்பைப் பார்த்தாள். கையால் ஒரு முறை தடவினாள்.

"ஆமா அத்தை, கொஞ்சம் இருக்கு" என்றாள்.

மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்துகொண்டே நல்ல இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். இந்தப் பிள்ளையைப் போய்த் தன் பயத்துக்காக மண்டியிட வைத்தோமே என்று ஊசியம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, அதே நேரம் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சாக்கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். போதும்மா, பெயிண்ட் அடிச்சிடு என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் தட்டவில்லை.

இருக்கை உறை தைப்பது அவள் பொறுப்பு. முன்னால் ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று. ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டு இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தாள். பின்னால் உட்காருகிறவர்களுக்கான பக்கவாட்டுப் பலகைக்கு உறை வேண்டாமா என்று கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் அத்தை என்றாள் மருமகள். கடைசிச் சில நாட்கள் முன் இருக்கைப் பக்கத்தை ஒரு போர்வையால் மூடி வைத்துவிட்டு, பெயிண்ட் காயணும், யாரும் தொடக் கூடாது என்றாள்.

மகன் வந்தான். பையை வாசலில் போட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் ஓடினான். பச்சைப் பசேலென்று நின்ற ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்றான். என் முதுகை விட்டுட்டு இதைத் தேய்ச்சிருப்பார் என்றாள் ஊசியம்மா. இத்தனை வருஷம் இதைத் துருப்பிடிக்க விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சக்களத்தியிடம் சொல்லவில்லை, அந்த அளவுக்கு இறங்கிப் போக முடியாது.

மறுநாள் காலை முதல் ஓட்டம். மருமகள்தான் ஓட்டப்போகிறாள். ஊசியம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, நேராக ஜீப்பின் பின்பக்கம் போய் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தாள். புருஷன் பெண்டாட்டி முன்னால், தான் பின்னால். மூட்டை முடிச்சு இருக்கிற இடம், இனிமேல் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்பக்கத்தில் பலகையைக் காணோம். இரண்டு பக்கமும் காலியாக இருந்தது.

"அத்தை, முன்னாடி வாங்க" என்று மருமகள் போர்வையை இழுத்தாள்.

முன்னால் மூன்று இருக்கைகள் இருந்தன. ஓட்டுகிறவருக்கு ஒன்று. கியர் கம்பியை ஒட்டி நடுவில் ஒடுக்கமாக ஒன்று, ஊசியம்மா தைத்த உறையைப் பாதியாக மடித்துப் போர்த்தியிருந்தது. கதவோரம் ஒன்று புதியது. பின்பக்கத்துப் பலகையை அறுத்துச் செய்த இருக்கை, உறை இல்லாமல் வெறும் மரமாக இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி ஒல்லியாக ஓர் இரும்புப் பட்டை, ஓரம் மழுங்க அரத்தால் ராவி, வரிசையாக ஆணி அடித்து ஓடியது. அரை அங்குல அகலம். ஊசியம்மாவுக்கு அந்தப் பட்டையை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

அந்த இருக்கை ரொம்ப அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் இடம் விட்டு ஒருவர் தாராளமாக உட்காரலாம்.

"இவ்வளவு பெருசு எதுக்கு?" என்றாள் ஊசியம்மா.

"உங்க அளவுதான் அத்தை. துவைக்கப் போட்டிருந்த ரவிக்கையில எடுத்தேன். தையலுக்கு விட்டிருக்கேன்."

மகன் எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மருமகள் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே மற்றதையும் சொன்னாள். புது ஊரில் முதலில் காட்டிய வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். தெருவைப் பார்த்து முன்னறை இருக்கிற, மெஷின் போட வெளிச்சம் இருக்கிற வீடு கொடுத்தால்தான் வருவேன் என்றாளாம். கொடுத்துவிட்டார்களாம். இவனிடமும் போனில் பேசியாயிற்று.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் ஊசியம்மா. கோபமாகக் கேட்கத்தான் பார்த்தாள்.

"கேட்டா வேணாம்னு சொல்வீங்க. அதான் முதல்லயே வெட்டிட்டேன். பிரிக்கணும்னா பிரிச்சுக்கலாம் அத்தை."

ஊசியம்மா இடுப்பில் சொருகியிருந்த அளவு நாடாவை எடுத்தாள். குனிந்து அந்த மர இருக்கையின் அகலத்தை அளந்தாள், நீளத்தை அளந்தாள், மறுபடியும் அகலத்தை அளந்தாள். கண் நிறைந்திருந்ததால் நாடாவில் ஒரு எண்ணும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

"சரியா இருக்கு" என்றாள். "உறைக்குத் துணிதான் நிறைய வேணும்."

பிறகு புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி, கதவோரம் கம்பீரமாக உட்கார்ந்தாள். மகன் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தான். மருமகள் கியரைப் போட்டதும் கம்பி அவன் முழங்காலில் இடித்தது. எனக்கு இடம் பத்தலையே என்று முனகினான்.

"உனக்குத் தையலுக்கு விடலைடா" என்றாள் ஊசியம்மா. விரல் தொப்பியால் பக்கத்துக் கதவை ஒரு முறை தட்டினாள். அது கணீரென்று சொன்னது. வண்டி தெருவுக்கு வந்தது.